பான்பரியில் பிரித்துப் பார்த்த பெட்டி

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட்ஷயர் பகுதியில் பான்பரி என்றொரு சிறு நகரம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு அங்கே ஓர் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. பிரிட்டனின் தொலைபேசி நிறுவனங்கள் சீனாவின் ஹுவாவே நிறுவனத்திடம் வாங்கும் கருவிகளைப் பிரித்து, உள்ளே ஓடும் மென்பொருளை வரி வரியாகப் படித்து, அதில் கள்ளத்தனம் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. அங்கே பணியாற்றியவர்கள் பிரிட்டிஷ் அரசின் கடுமையான பின்னணிச் சோதனையில் தேறியவர்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது ஹுவாவே.

இந்த வினோதமான ஏற்பாடு எப்படி வந்தது என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம் தன் பழைய தொலைபேசி வலையமைப்பு முழுவதையும் புதுப்பிக்க முடிவுசெய்து 2005இல் ஹுவாவேயுடன் ஒப்பந்தம் போட்டது. விலை குறைவு, தரம் பரவாயில்லை. அதிகாரிகளுக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தும் அமைச்சர்களுக்கு 2006 வரை யாரும் சொல்லவில்லை என்று 2013இல் நாடாளுமன்றத்தின் உளவு, பாதுகாப்புக் குழு வெளிப்படுத்தியது. நாட்டின் நரம்பு மண்டலத்தில் ஒரு வெளிநாட்டுப் பெட்டி ஏறி உட்கார்ந்த பிறகுதான் அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற யோசனையே வந்தது.

பான்பரியில் அவர்கள் செய்த வேலையைச் சமையலைக்கொண்டு விளக்கலாம். ஒருவர் நமக்குச் சமையல் குறிப்பைக் கொடுக்கிறார். சமைத்த பண்டத்தையும் தனியாக ஒரு பாத்திரத்தில் வைத்துக் கொடுக்கிறார். பாத்திரத்தில் இருப்பது அந்தக் குறிப்பின்படி சமைத்ததுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாமே குறிப்பைப் பார்த்துச் சமைத்து, இரண்டும் துளியும் மாறாமல் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். மென்பொருளுக்கும் அதே நியாயம்தான். பொறியாளர் எழுதிய மூல நிரலை ஹுவாவே காட்டியது. கோபுரங்களில் உண்மையில் ஓடுவதோ அந்த நிரலிலிருந்து உருவான இயந்திர வடிவம். மூல நிரலிலிருந்து தாங்களே உருவாக்கிய வடிவமும் ஹுவாவே அனுப்பிய வடிவமும் ஒத்துப்போகின்றன என்று காட்ட பான்பரிப் பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். பல கருவிகளுக்கு அதைச் செய்ய முடியவில்லை. ஹுவாவே மென்பொருளைக் கட்டும் முறையே அவ்வளவு சிக்கலும் குழப்பமுமாக இருந்தது.

இந்த ஆய்வுக்கூடத்தைக் கண்காணித்த மேற்பார்வைக் குழுவின் 2019ஆம் ஆண்டு அறிக்கை ஒரு 4ஜி கோபுரக் கருவியின் மென்பொருளைப் பற்றிச் சொல்வதை மென்பொருள் துறையில் இருக்கும் யார் படித்தாலும் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். இணையத் தகவல் பரிமாற்றத்தைப் பாதுகாக்க உலகம் முழுவதும் பயன்படும் ஓப்பன் எஸ்எஸ்எல் என்ற நிரல் தொகுப்பு அதில் 70 முழுப் பிரதிகளாகச் சிதறிக் கிடந்தது. அவையும் ஒரே பதிப்பு அல்ல, நான்கு வெவ்வேறு பதிப்புகள். சில மிகப் பழையவை. எந்த வழியாக உள்ளே நுழையலாம் என்பது ஊரறிந்த விஷயமாகிவிட்ட பதிப்புகள். வீட்டுக்கு 70 கதவு வைத்து, எந்தக் கதவுக்கு எந்தப் பூட்டு என்று வீட்டுக்காரருக்கே தெரியாத நிலை அது.

அதே அறிக்கையில் இன்னொரு வாக்கியமும் இருக்கிறது. கண்டுபிடித்த குறைகள் சீன அரசின் தலையீட்டால் வந்தவை என்று தாங்கள் கருதவில்லை என்று பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அது தந்த விளக்கம் எளிமையானது: மோசமான பொறியியல், ஒழுங்கில்லாத வேலை. ஹுவாவேயின் கருவிகளை உலகிலேயே மிக நெருக்கமாகப் பார்த்தவர்களில் சிலர் இவர்கள். வெளியாள் ரகசியமாக உள்ளே நுழைவதற்கென்றே மென்பொருளில் வைத்த கொல்லைப்புற வாசல் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவர்கள் ஒருமுறைகூட அறிவிக்கவில்லை. ஆனாலும் 2020 ஜூலை 14 அன்று பிரிட்டன் ஹுவாவேயைத் தடை செய்தது. 2027ஆம் ஆண்டு முடிவதற்குள் 5ஜி வலையமைப்பிலிருந்து அதன் கருவிகள் அனைத்தையும் கழற்றியாக வேண்டும்.

இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பிடித்தால்தான் சீனாவுக்கும் மேற்கு நாடுகளுக்கும் இடையே நடக்கும் டிஜிட்டல் மோதல் புரியும். பெரும்பாலான விவாதங்கள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போகின்றன. ஹுவாவே உளவு பார்க்கிறது என்று ஒரு தரப்பு சாதிக்கிறது. ஆதாரம் எங்கே, எல்லாம் வணிகப் பொறாமை என்கிறது மறு தரப்பு. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதிலேயே இரு தரப்பும் நின்றுவிடுகின்றன.

தடை வந்த விதத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 2018 ஆகஸ்டில் ஆஸ்திரேலியா முதலில் 5ஜியிலிருந்து ஹுவாவேயை ஒதுக்கியது. 2019 மே மாதம் அமெரிக்கா அந்த நிறுவனத்தைத் தன் வணிகத் தடைப் பட்டியலில் சேர்த்தது. பிரிட்டன் தயங்கியது. 2020 ஜனவரியில் போரிஸ் ஜான்சன் அரசு நடுவழி ஒன்றைத் தேர்ந்தது: வலையமைப்பின் மையப் பகுதியில் ஹுவாவே கூடாது, கோபுரங்கள் இருக்கும் வெளிப்பகுதியில் 35 சதவீதம் வரை இருக்கலாம். ஆறு மாதம்கூட அந்த முடிவு தாங்கவில்லை. அமெரிக்க இயந்திரங்களையோ மென்பொருளையோ பயன்படுத்தும் எந்த நாட்டுத் தொழிற்சாலையும் அனுமதியில்லாமல் ஹுவாவே வடிவமைத்த சிப்களை அதற்குச் செய்து தரக் கூடாது என்று 2020 மே மாதம் வாஷிங்டன் விதித்தது. தைவானின் டிஎஸ்எம்சி உட்பட நவீன சிப் தயாரிக்கும் எல்லோரும் அந்த வலைக்குள் அடங்கிவிட்டார்கள். நம்பகமான சிப் கிடைக்காத ஹுவாவே எதை வைத்துக் கருவி செய்யும், அதை நாம் எப்படிச் சோதிப்போம் என்று பிரிட்டிஷ் வல்லுநர்கள் கேட்டார்கள். அரசு சொன்ன அதிகாரப்பூர்வக் காரணம் அதுதான். சொந்தக் கட்சியின் எதிர்ப்பும், ஜூன் 30 அன்று ஹாங்காங்கில் சீனா அமலுக்குக் கொண்டுவந்த தேசியப் பாதுகாப்புச் சட்டமும் அந்த முடிவுக்கு வேகம் கூட்டின.

ஐரோப்பாவின் மற்ற நாடுகள் ஒவ்வொன்றும் தன் வேகத்தில் போயின. ஸ்வீடன் 2020 அக்டோபரிலேயே தடை விதித்தது. ஜெர்மனி 2024 ஜூலை வரை இழுத்தடித்து, மையப் பகுதியிலிருந்து 2026 இறுதிக்குள் கழற்றுவது என்று தன் நிறுவனங்களோடு உடன்பாடு செய்துகொண்டது. பணம்தான் தயக்கத்துக்குக் காரணம். அமெரிக்கக் கிராமப்புறத் தொலைபேசி நிறுவனங்களின் சீனக் கருவிகளை மாற்ற அந்நாட்டு நாடாளுமன்றம் முதலில் 190 கோடி டாலர் ஒதுக்கியது. உண்மையான தேவை ஏறக்குறைய 500 கோடி டாலர் என்று பிறகு தெரிந்தது.

சரி, பெட்டிக்குள் கள்ள வாசல் இல்லை என்றால் அச்சம் எதைப் பற்றியது?

2017 ஜூன் மாதம் சீனா தேசிய உளவுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 7ஆம் பிரிவு, எல்லா அமைப்புகளும் குடிமக்களும் சட்டப்படி அரசின் உளவுப் பணிக்கு ஆதரவும் உதவியும் ஒத்துழைப்பும் தர வேண்டும், தாம் அறிந்த உளவுப் பணி ரகசியங்களைக் காக்க வேண்டும் என்கிறது. இந்தச் சட்டம் தங்களைக் கள்ள வாசல் வைக்கக் கட்டாயப்படுத்தாது என்று வழக்கறிஞர்களிடம் கருத்து வாங்கி ஹுவாவே வெளிநாட்டு அரசுகளிடம் கொடுத்தது. ஹுவாவே பொய் சொன்னது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கருத்துரையால் எதுவும் தீராது. அரசு கேட்டால் மறுக்க முடியுமா, மறுத்தால் எந்த நீதிமன்றம் காப்பாற்றும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

சட்டப் பிரிவு காகிதத்தில் இருக்கும்போது அதன் கனம் தெரியாது. நடைமுறையில் அது எப்படி இருக்கும் என்பதைக் காட்டிய சம்பவம் ஒன்று 2021 இறுதியில் நடந்தது. உலகின் கோடிக்கணக்கான கணினிகளில் ஓடும் லாக்4ஜே என்ற நிரலில் ஒரு பயங்கரமான ஓட்டை இருப்பதை அலிபாபா நிறுவனத்தின் மேகக் கணினிப் பிரிவுப் பொறியாளர் ஒருவர் கண்டுபிடித்தார். ஒரே ஒரு வரி எழுத்தை அனுப்பித் தொலைவிலிருந்தே கணினியைக் கைப்பற்றிவிடும் அளவுக்கு ஆபத்தான குறை. அவர் செய்தது துறையின் நல்வழக்கம் எதுவோ அதை: நவம்பர் 24 அன்று அந்த நிரலைப் பராமரிக்கும் அப்பாச்சி அமைப்பின் தன்னார்வலர்களுக்கு ரகசியமாகத் தகவல் அனுப்பினார். அவர்கள் இரவு பகலாக உட்கார்ந்து திருத்தம் செய்தார்கள். உலகம் அந்தப் பொறியாளருக்கு நன்றி சொல்ல வேண்டிய காரியம் அது.

சீனாவின் தொழில், தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அப்படிப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அங்கே புதிய விதிகள் அமலுக்கு வந்திருந்தன. தன் கருவியிலோ மென்பொருளிலோ பாதுகாப்புக் குறை தெரியவந்தால் நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் அமைச்சகத்துக்குச் சொல்லியாக வேண்டும். திருத்தம் வரும் முன் வெளியே பரப்பக் கூடாது. அலிபாபா அமைச்சகத்துக்கு உரிய நேரத்தில் சொல்லவில்லை என்று, அதனுடனான தகவல் பகிர்வுக் கூட்டுறவை அமைச்சகம் ஆறு மாதம் நிறுத்திவைத்தது. தண்டனை பெரிதல்ல. ஆனால் செய்தி சீனாவின் ஒவ்வொரு கணினி நிறுவனத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். இன்னும் திருத்தப்படாத ஓட்டை என்பது காப்பவருக்குக் கவலை, உடைப்பவருக்கு ஆயுதம். அந்தத் தகவல் முதலில் யாருடைய மேசைக்குப் போக வேண்டும் என்பதை அரசு முடிவுசெய்துவிட்டது.

சீன அரசு தன் நிறுவனங்களையே நம்புவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வாடகைக்கார் செயலியான டிடி 2021 ஜூன் 30 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலானது. இரண்டே நாளில் சீன இணையவெளி நிர்வாகம் அதன்மீது விசாரணை தொடங்கியது. அடுத்த ஆண்டு 800 கோடி யுவானுக்கு மேல் அபராதம் விழுந்தது. சீனர்களின் பயணத் தரவு அமெரிக்கர் கைக்குப் போய்விடுமோ என்ற அச்சம் அதன் பின்னணியில் இருந்ததாகப் பரவலாகக் கருதப்பட்டது. பெய்ஜிங்கின் அச்சமும் லண்டனின் அச்சமும் ஒரே கண்ணாடியில் தெரியும் முகங்கள்.

பெய்ஜிங்கின் அச்சம் கற்பனையில் பிறந்ததும் அல்ல. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமைக்கு ஒப்பந்தப் பணியாளராக வேலை செய்த எட்வர்ட் ஸ்னோடன் 2013இல் வெளியிட்ட ஆவணங்கள் அந்த முகமையின் உலகளாவிய ஒட்டுக்கேட்பை அம்பலப்படுத்தின. ஷென்சென் நகரில் ஹுவாவேயின் சொந்தக் கணினிகளுக்குள்ளேயே அந்த முகமை நுழைந்திருந்தது என்ற செய்தி 2014 மார்ச்சில் அவற்றிலிருந்து வெளிவந்தது. ஹுவாவேக்கும் சீன ராணுவத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்பது ஒரு நோக்கம். ஹுவாவே கருவிகளை வாங்கிய நாடுகளை அந்தக் கருவிகள் வழியாகவே உளவு பார்ப்பது இன்னொரு நோக்கம். எதைச் செய்யும் என்று ஹுவாவேயைச் சந்தேகித்தார்களோ அதையே செய்ய அமெரிக்கா முயன்றிருக்கிறது. இணையப் பாதுகாப்பு இல்லையேல் நாட்டுப் பாதுகாப்பு இல்லை என்று ஷி ஜின்பிங் 2014 பிப்ரவரியில் சொன்னதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் படிக்க வேண்டும். 2015 டிசம்பரில் ஊஜென் நகரில் நடந்த உலக இணைய மாநாட்டில் அவர் இணைய இறையாண்மையைக் கொள்கையாக முழங்கினார்: தன் எல்லைக்குள் இணையம் எப்படி இருக்க வேண்டும் என்பது அந்தந்த நாட்டின் உரிமை. மேற்கு நாடுகள் அன்று அதைத் தணிக்கைக்குப் போட்ட அலங்காரப் பெயர் என்று ஒதுக்கின. பத்தாண்டுக்குள் இந்தியா 59 சீனச் செயலிகளைத் தடுத்தது, அமெரிக்கா டிக்டாக்கை விற்றுவிடு அல்லது மூடு என்று சட்டம் இயற்றியது. இணையத்துக்கு எல்லை உண்டு என்ற வாதம் இன்று எல்லோருடைய வாதமும் ஆகிவிட்டது.

அப்படியானால் இரு தரப்பும் ஒன்றுதானா? இந்த இடத்தில் சமநிலை பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

2018 டிசம்பர் 1 அன்று ஹுவாவேயின் தலைமை நிதி அதிகாரி மெங் வான்ஷோ வான்கூவர் விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். ஹுவாவேயை நிறுவிய ரென் ஷெங்ஃபெயின் மகள் அவர். ஈரான் வணிகம் பற்றி வங்கியை ஏமாற்றினார் என்ற குற்றச்சாட்டில் அமெரிக்கா கேட்க, கனடா பிடித்தது. அவர் ஜாமீனில் வெளியே வந்து, வான்கூவரில் தன் சொந்த வீட்டில் தங்கி, வழக்கறிஞர் படையோடு வழக்காடினார். அந்தக் கைதில் அரசியல் கலந்திருந்தது என்ற வாதத்தையும் கனடிய நீதிமன்றத்திலேயே எழுப்ப அவரால் முடிந்தது. கைது நடந்த ஒன்பதாம் நாள், கனடாவின் முன்னாள் தூதரக அதிகாரி மைக்கேல் கோவ்ரிக்கும் தொழில்முனைவோர் மைக்கேல் ஸ்பேவரும் சீனாவில் பிடிக்கப்பட்டார்கள். கோவ்ரிக் இரவிலும் விளக்கு அணைக்காத அறையில் தனிமையில் வைத்து விசாரிக்கப்பட்டார். அவர்களுடைய விசாரணை மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது. ஆயிரம் நாளுக்கு மேல் சிறை. 2021 செப்டம்பர் 24 அன்று மெங் விடுதலையான சில மணி நேரத்தில் இருவரும் கனடா செல்லும் விமானத்தில் ஏற்றப்பட்டார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றது பெய்ஜிங். ஹுவாவே ஒரு சாதாரணத் தனியார் நிறுவனம் என்று அந்த நிறுவனம் ஆண்டுக்கணக்கில் கட்டிவந்த வாதத்தைச் சீன அரசே அந்த ஒரு நாளில் தகர்த்துவிட்டது.

வேறுபாட்டை இன்னும் துல்லியமாகப் பார்க்க ஹுவாவேயை விட்டு ஆப்பிளைப் பின்தொடர்வது நல்லது. நிறுவனம் ஒன்று, அது நின்ற மண் மூன்று.

2016 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் ஒரு கொலையாளியின் ஐபோனைத் திறக்கப் புதிய மென்பொருள் எழுதித் தர வேண்டும் என்று எஃப்பிஐ நீதிமன்ற ஆணை வாங்கியது. ஆப்பிள் மறுத்தது. தலைவர் டிம் குக் வாடிக்கையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். வழக்கு முடியும் முன்பே எஃப்பிஐ வேறு வழியில் போனைத் திறந்துகொண்டு பின்வாங்கியது. 2018 பிப்ரவரியில் அதே ஆப்பிள் தன் சீன வாடிக்கையாளர்களின் படங்களையும் கோப்புகளையும் இணையத்தில் சேமித்துவைக்கும் ஐகிளவுட் சேவையைக் குய்ஷோ மாகாணத்தின் அரசு சார்ந்த நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பூட்டுகளின் சாவிகளும் சீனாவுக்குள் போயின. தரவு நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அது கட்டுப்பட்டது. குக்கின் பகிரங்கக் கடிதம் எதுவும் அப்போது வரவில்லை. மறுக்கும் வாய்ப்பு நிறுவனத்தின் குணத்தில் இருந்து வருவதில்லை, அது நிற்கும் மண்ணில் இருந்து வருகிறது.

மூன்றாவது மண் பிரிட்டன். அதற்கு முன் 2024இல் வெளியான ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். சால்ட் டைஃபூன் என்று பெயரிடப்பட்ட, சீன அரசோடு தொடர்புடையதாக அமெரிக்கா சொல்லும் ஒரு குழு, அமெரிக்காவின் பெரும் தொலைபேசி நிறுவனங்களுக்குள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தது தெரியவந்தது. சீனா இதை மறுக்கிறது. அந்த நிறுவனங்களின் மையத்தில் ஹுவாவே பெட்டிகள் இருக்கவில்லை. திருத்தம் ஏற்கெனவே வெளியாகியும் பூட்டாமல் விட்ட பழைய ஓட்டைகள் வழியாக அவர்கள் நுழைந்திருக்கிறார்கள். அங்கே அவர்கள் கைவைத்த இடங்களில் ஒன்று, நீதிமன்ற ஆணையின் பேரில் போலீஸ் ஒட்டுக்கேட்பதற்கென்று நிறுவனங்கள் பராமரிக்கும் அமைப்பு. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்காவே கட்டாயமாக வைக்கச் சொன்ன வாசல் அது. நல்லவர்கள் மட்டும் நுழையும் வாசல் என்று ஒன்றைக் கட்ட முடியாது என்று கணினி வல்லுநர்கள் முப்பது ஆண்டுகளாகத் தொண்டை வறளச் சொல்லிவந்தார்கள். அந்த டிசம்பரில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்புகளே தங்கள் நாட்டு உயர் அதிகாரிகளிடம், முழுக்க மறைகுறியாக்கப்பட்ட, அதாவது பேசுபவர்களைத் தவிர வேறு யாரும் படிக்கவோ கேட்கவோ முடியாத செயலிகளில் மட்டும் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டன.

அந்த எச்சரிக்கை வெளியாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மறைகுறியாக்கிய ஐகிளவுட் தரவைத் திறக்க வழி செய்து தர வேண்டும் என்று பிரிட்டிஷ் உள்துறை ஆப்பிளுக்கு ரகசிய ஆணை அனுப்பியிருப்பதாக 2025 பிப்ரவரியில் செய்தி வந்தது. அப்படியொரு ஆணை கிடைத்ததை வெளியே சொல்லவே அந்நாட்டுச் சட்டம் நிறுவனத்தை அனுமதிப்பதில்லை. வாசல் வைப்பதைவிட வசதியையே எடுத்துவிடுகிறோம் என்று ஆப்பிள் பிப்ரவரி 21 அன்று பிரிட்டனில் தன் மிக வலுவான பாதுகாப்பு வசதியைப் புதிய பயனாளர்களுக்கு நிறுத்தியது. ஹுவாவே பெட்டியில் கள்ள வாசல் இருக்குமோ என்று பத்தாண்டு காலம் பான்பரியில் தேடிய அரசு, இன்னொரு நிறுவனத்திடம் அதே வாசலைக் கேட்டது. இது என்னைக் கோபப்படுத்துகிறது. சீனாவின் 7ஆம் பிரிவில் நாம் எதைக் கண்டு அஞ்சுகிறோமோ, அந்த ரகசியமும் கட்டாயமும் இந்த ஆணையிலும் இருக்கின்றன.

ஆனால் ஆப்பிள், அரசின் உளவு அதிகாரங்கள் பற்றிய புகார்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் படிக்கட்டு ஏறியது. வழக்கு நடப்பதே வெளியே தெரியக் கூடாது என்று உள்துறை வாதாடியது. 2025 ஏப்ரல் 7 அன்று தீர்ப்பாயம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வழக்கு இருக்கிறது, அதில் இன்னார் தரப்பினர் என்ற அளவிலாவது மக்களுக்குத் தெரிய வேண்டும் என்றது. அலிபாபாவின் பொறியாளருக்கு அப்படியொரு படிக்கட்டு இருக்கவில்லை. ஹுவாவேக்கும் அது ஷென்செனில் இல்லை. பிரிட்டனின் கோபுரங்களிலிருந்து ஹுவாவே பெட்டிகளை இறக்கும் வேலை 2027 இறுதி வரை நடக்கும். அதற்கான திட்டமும் கெடுவும் அரசிடம் இருக்கின்றன. ஒரு நிறுவனம் அரசை மறுத்துப் பேச வழிவிட்ட அந்தத் தீர்ப்பாயப் படிக்கட்டைக் காக்க அப்படியொரு திட்டத்தை நான் எங்கும் பார்க்கவில்லை.